அகாடமி மட்டும்தானா? ராணுவ அதிகாரி ஆகும் வழிகள்

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932 அக்டோபரில் திறக்கப்பட்டபோது முதல் அணியில் 40 பேர் சேர்ந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. 15 பேர் போட்டித் தேர்வு எழுதி வந்தார்கள். இன்னொரு 15 பேர் ஏற்கெனவே படையில் சிப்பாயாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். மீதி 10 பேரைச் சமஸ்தானப் படைகள் அனுப்பிவைத்தன. தேர்வு எழுதி வந்தவர்களில் ஒருவர் சாம் மானெக்‌ஷா. பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதி, ஃபீல்டு மார்ஷல். சிப்பாயாக இருந்து வந்தவர்களில் முகமது மூசா பாகிஸ்தான் தரைப்படைக்கும், ஸ்மித் டன் சுதந்திர பர்மாவின் படைக்கும் தளபதி ஆனார்கள். ஒரே அணி, மூன்று நாட்டுத் தளபதிகள், அதில் இரண்டு பேர் துப்பாக்கி தூக்கி வரிசையில் நின்று தொடங்கியவர்கள்.

ராணுவ அதிகாரி என்றாலே நம் மனதில் எழும் சித்திரம் வேறு. பள்ளி முடித்த கையோடு அகாடமியில் சேரும் பையன், சில ஆண்டுக் கடும் பயிற்சி, பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க பாசிங் அவுட் பரேட், தோளில் நட்சத்திரம். அது பொய்யான சித்திரம் இல்லை. ஆனால் அது பல வழிகளில் ஒன்று மட்டும்தான். அமெரிக்கத் தரைப்படைக்கு ஆண்டுதோறும் மிக அதிகமான அதிகாரிகளைத் தருவது புகழ்பெற்ற வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி இல்லை. சாதாரணக் கல்லூரிகளில் பாடத்தோடு சேர்த்து நடக்கும் பயிற்சித் திட்டம்தான்.

இத்தனை வழிகள் ஏன்? யாரும் உட்கார்ந்து ஒரே நாளில் திட்டம் போட்டு இவற்றை உருவாக்கவில்லை. பெரும்பாலானவை ஒரு நெருக்கடியில் பிறந்தவை. எந்த நெருக்கடி என்று தெரிந்துகொண்டால், அந்த வழியில் வருகிறவரிடம் ராணுவம் எதைக் கேட்கிறது, பதிலுக்கு எதைத் தருகிறது, எதைத் தராது என்பதெல்லாம் புரிந்துவிடும். இது தெரியாததால்தான், ஒரு தேர்வில் தவறியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

விலைக்கு விற்ற பதவி

அகாடமிகள் எதற்கு மாற்றாக வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். மறைமுக லஞ்சம் இல்லை, அரசே போட்ட விலைப்பட்டியல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாதாரணக் காலாட்படைப் பிரிவில் கடைசிப் படி அதிகாரிப் பதவிக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுண்டு. வேலையை விட்டுப் போகும்போது பதவியை அடுத்தவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். ஓய்வுக்காலத்துக்கு அதுதான் பணம். சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளை அரசுக்கு எதிராகத் திரும்ப மாட்டான் என்ற கணக்கும் இதன் பின்னால் இருந்தது.

ஆனால் அதே ராணுவத்தில் பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் பதவி விற்பனை கிடையாது. காரணம் எளிது. குண்டு எங்கே போய் விழும் என்பதைப் பணம் தீர்மானிக்காது; கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே 1741இல் வுல்விச்சில் ஒரு ராணுவ அகாடமி தொடங்கப்பட்டது. பிரான்சிலும் இதே கதைதான். பெரிய செல்வாக்கு இல்லாத தீவுக் குடும்பத்தில் பிறந்த நெப்போலியன் 1785இல் பாரிஸ் ராணுவப் பள்ளியிலிருந்து வெளியே வந்து சேர்ந்தது பீரங்கிப்படையில். 1802இல் தொடங்கிய வெஸ்ட் பாயின்ட் பல பத்தாண்டுகள் முதன்மையாக ஒரு பொறியியல் பள்ளியாகவே இருந்தது. அமெரிக்காவின் ஆரம்பகால ரயில் பாதைகளிலும் துறைமுகங்களிலும் அதன் மாணவர்களின் கை இருக்கிறது.

காலாட்படைக்கும் இந்த எண்ணம் பரவ ஒரு பெரிய தோல்வி தேவைப்பட்டது. 1806இல் ஜேனா போரில் நெப்போலியனிடம் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு நொறுங்கியது. அதிகாரிப் பதவிகளைப் பிரபுக் குடும்பங்களே வைத்திருந்த ராணுவம் அது. தோற்ற பிறகு ஷார்ன்ஹார்ஸ்ட் முதலான சீர்திருத்தவாதிகள் 1808இல் ஓர் ஆணை கொண்டுவந்தார்கள்: அமைதிக் காலத்தில் கல்வியும் அறிவும், போர்க் காலத்தில் வீரமும் நிதானமும் மட்டுமே அதிகாரி ஆகத் தகுதி, பிறப்பு இல்லை. பழைய பழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பது உண்மை. இருந்தாலும் இன்று உலகெங்கும் அகாடமி வாசலில் எழுத்துத் தேர்வு நிற்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அகாடமி என்ற பெயரில் இரண்டு வேறு இடங்கள்

இன்று அகாடமி என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய.

முதல் வகை, பள்ளி முடித்ததும் சேர்த்துக்கொண்டு பட்டமும் கொடுத்து அதிகாரியாக்குவது. வெஸ்ட் பாயின்ட் நான்கு ஆண்டு. புணே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்டிஏ, மூன்று ஆண்டு. அதன் பிறகு தரைப்படைக்குப் போகிறவர்களுக்கு டேராடூனில் இன்னும் ஓர் ஆண்டு, கடற்படைக்கு எழிமலையில், விமானப்படைக்கு துண்டிகல்லில். இரண்டாம் வகை, கையில் பட்டத்தோடு வருகிறவருக்கு ராணுவத்தை மட்டும் கற்றுத்தருவது. பிரிட்டனின் சான்ட்ஹர்ஸ்ட் அப்படி. ஓர் ஆண்டுக்கும் குறைவான பயிற்சிதான். அங்கே சேருகிறவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் முடித்தவர்கள். பிரான்சின் சான் சீர் நடுவில் நிற்கிறது: பள்ளிக்குப் பிறகு இரண்டு ஆண்டு தயாரிப்பு வகுப்பு, கடுமையான தேசியத் தேர்வு, அப்புறம் மூன்று ஆண்டு. அந்தத் தேர்வில் ஓட்டம், நீச்சலுக்குக்கூட மதிப்பெண் உண்டு.

நுழைவதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு தனிக் குணம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோ விமானப்படை அகாடமி மூன்றிலும் சேரப் பரிந்துரை வேண்டும். பெரும்பாலும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரோ செனட்டரோ தருவது. ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் அகாடமியில் ஐந்து பேர் மட்டும் படிக்கலாம். கேட்டதும் சிபாரிசு என்றுதான் தோன்றும். ஆனால் தொகுதிக்கு ஒருவர் என்று 1843இல் சட்டம் போட்டதன் நோக்கம் வேறு: அதிகாரிகள் எல்லாரும் ஒரே பகுதியிலிருந்து, ஒரே வட்டத்திலிருந்து வந்துவிடக் கூடாது என்பது. இன்று பெரும்பாலான உறுப்பினர்கள் ஒரு குழு வைத்து நேர்காணல் நடத்தித்தான் பெயரைக் கொடுக்கிறார்கள். கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் இந்தப் பரிந்துரையே தேவையில்லை. அது பலருக்குத் தெரிவதில்லை.

பரிந்துரை கிடைத்தாலும் உடல்தகுதித் தேர்வு உண்டு. வெஸ்ட் பாயின்டின் தேர்வில் நீண்ட காலமாக இருந்துவரும் ஒன்று, முழங்காலிட்டபடி கூடைப்பந்தை ஒரே கையால் எவ்வளவு தூரம் எறிய முடியும் என்று பார்ப்பது. காலின் உதவி இல்லாமல் தோளும் இடுப்பும் மட்டும் எவ்வளவு வலு தருகின்றன என்பதை அது காட்டிவிடும். பயிற்சி எடுக்காமல் போகிறவர்கள் ஓட்டத்தில் சமாளித்துவிட்டு இதில் தடுமாறுகிறார்கள்.

இந்தியாவில் பரிந்துரைக்கு இடமே இல்லை. என்டிஏவுக்கு மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை எழுத்துத் தேர்வு நடத்துகிறது. வயது 16½க்கும் 19½க்கும் இடையில், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. ஆக 900. பிறகு வரும் எஸ்எஸ்பி, அதாவது படைத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத் தேர்வுக்கும் அதே 900. அதாவது இத்தனை மாதம் விழுந்து விழுந்து படித்தது பாதி. ஐந்து நாளில் ஆளைப் பார்த்துப் போடுவது மீதிப் பாதி. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளாமல் தயாராகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அகாடமிக்குப் புகழ் இருக்கிறது, படிப்புச் செலவு கிடையாது, பதினெட்டு வயதில் கிடைத்த தோழர்கள் முப்பது ஆண்டு கூட வருவார்கள். அதற்கு ஈடாக அது கேட்பது இளமையின் முதல் நான்கு ஆண்டுகளை முழுதாக, பிறகு கட்டாயச் சேவையை. வெஸ்ட் பாயின்டில் முதல் இரண்டு ஆண்டுக்குள் எந்தக் கடனும் இல்லாமல் விலகலாம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் பொறுப்பு ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதன் பிறகு போனால் செலவைத் திருப்பித் தரவோ சிப்பாயாக வேலை பார்க்கவோ நேரிடும். முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டு நேரடிச் சேவை, அதற்கு மேல் மூன்று ஆண்டு ரிசர்வ், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் படையில்.

நுழைவிலோ முதல் ஆண்டிலோ தடுமாறுவது பெரிய குறையும் இல்லை. சர்ச்சில் சான்ட்ஹர்ஸ்ட் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று 1893இல் மூன்றாம் முறை தேறினார். அப்போதும் காலாட்படைக்கு மதிப்பெண் போதாமல் குதிரைப்படைக்குத்தான் இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதி பேட்டன் வெஸ்ட் பாயின்டில் கணக்கில் தோற்று முதல் ஆண்டையே திரும்பப் படித்தார். பின்னாளில் பிரான்சின் அதிபரான டி கோல் 1909இல் சான் சீர் தேர்வில் 221 பேரில் 119ஆம் இடம். வெளியே வரும்போது 13ஆம் இடம்.

கல்லூரியில் படித்துக்கொண்டே

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைவர்களில் பலருக்கு நிரந்தரப் பெரும்படை மேல் அச்சம் இருந்தது. அகாடமியில் மட்டும் வளர்ந்த அதிகாரிகள் மக்களிடமிருந்து விலகிய தனிச் சாதியாகிவிடுவார்கள் என்று பலர் வாதிட்டார்கள். வெஸ்ட் பாயின்டிலேயே பொறுப்பில் இருந்த ஆல்டன் பாட்ரிட்ஜ், பொதுக் கல்வியோடு ராணுவப் பயிற்சியும் சேர்ந்த ஒரு கல்வி நிலையத்தை 1819இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கினார். அதுதான் இன்றைய நார்விச் பல்கலைக்கழகம். 1862இல் வந்த சட்டம், அரசு நிலம் பெற்ற கல்லூரிகள் ராணுவப் பயிற்சியையும் கற்றுத்தர வேண்டும் என்றது. ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல் இவையெல்லாம் சேர்ந்து ஆர்ஓடிசி என்ற ஒழுங்கான திட்டமானது.

இதில் மாணவர் எல்லாரையும் போலக் கல்லூரிக்குப் போகிறார். வாரத்தில் சில மணி நேரம் ராணுவ வகுப்பு, விடியற்காலை உடற்பயிற்சி, கோடையில் முகாம். உதவித்தொகை வாங்கினால் சேவை செய்யக் கடமை உண்டு. பட்டம் வாங்குவதும் லெப்டினன்ட் ஆவதும் கிட்டத்தட்ட ஒரே நாளில் நடந்துவிடும். நியூயார்க் சிட்டி கல்லூரியில் நிலவியல் படித்த காலின் பவல் 1958இல் இப்படித்தான் அதிகாரியானார்; 1989இல் அமெரிக்கப் படைகளின் கூட்டுத் தலைமைத் தளபதி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படையை நடத்திய ஜார்ஜ் மார்ஷலும் வெஸ்ட் பாயின்டில் படித்தவர் இல்லை. அவர் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி மாணவர்.

ஆட்கள் போதாதபோது திறந்த வழி

போர் வந்துவிட்டால் நான்கு ஆண்டு காத்திருக்க முடியாது. 1945இல் அமெரிக்கத் தரைப்படையில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வெஸ்ட் பாயின்ட் ஆண்டுக்குத் தந்தது சில நூறு பேர். இந்த இடைவெளியை அடைக்க 1941இல் ஃபோர்ட் பென்னிங்கில் காலாட்படைக்கான அதிகாரிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வசதியான வீட்டு இளைஞர்களை நேரே முகாமுக்கு அழைத்து அதிகாரியாக்கலாம் என்ற யோசனையை மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். சிப்பாயாக இருந்து பார்த்தவர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தொண்ணூறு நாள் அதிசயங்கள் என்று பழைய அதிகாரிகள் கேலி செய்தார்கள். ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் சிறு பிரிவுகளை முன்னே நின்று நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொண்ணூறு நாள் ஆட்களே. போர் முடிந்த பிறகும் அந்த முறை நிலைத்துவிட்டது. 1958இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட ஜான் ஷாலிகாஷ்விலி அதன் வழியே அதிகாரியாகி, 1993இல் பவல் வகித்த அதே பதவிக்கு வந்தார்.

சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியின், அதாவது ஓடிஏவின் பிறப்பும் இதே மாதிரிதான். 1962இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டதால் 1963இல் தொடங்கப்பட்டது. ஓடிஏ என்ற பெயர் 1988இல் வந்தது. பட்டதாரிகளை எடுத்து, ஓர் ஆண்டுக்குள் பயிற்சி கொடுத்து, குறுகிய காலப் பணிக்கு அனுப்புவது அதன் வேலை. பட்டதாரிகளுக்கான சிடிஎஸ் எழுத்துத் தேர்வு, என்சிசி சிறப்பு நுழைவு, சட்டம் படித்தவர்களுக்கான நுழைவு, பொறியாளர்களுக்கான நுழைவு என்று பல திசையிலிருந்து இங்கே வருகிறார்கள்.

நெருக்கடியில் பிறந்த இந்த வழிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பழைய நிறுவனம் திறக்கத் தயங்கும் இடத்தில் இவை முதலில் திறக்கும். பெண்களை ஓடிஏ 1992இலேயே எடுக்கத் தொடங்கியது. என்டிஏவில் பெண்கள் சேர 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2022இல் சேர்ந்த முதல் பெண்களில் 17 பேர் 2025 மே மாதம் வெளியே வந்தார்கள். அமெரிக்காவில் ராணுவ அகாடமிகள் 1976இல்தான் பெண்களைச் சேர்த்தன. அந்த ஆண்டு வெஸ்ட் பாயின்டில் நுழைந்த 119 பெண்களில் 62 பேர் 1980இல் முடித்தார்கள்.

ஆனால் குறுகிய காலம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இந்தியத் தரைப்படையில் ஷார்ட் சர்வீஸ் என்பது 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு. ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு சேவை வேண்டும். ஆகவே நிரந்தரப் பணி கிடைக்காமல் 14 ஆண்டில் வெளியே வருகிறவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் இரண்டாவது வேலை தேட வேண்டும். சிலருக்கு இது பெரிய வாய்ப்பு. இளமையில் பொறுப்பு, பிறகு நிர்வாக வேலை. வீட்டின் முழுச் சுமையும் தோளில் இருக்கிறவருக்கு இது இன்னொரு விதமான கணக்கு. பெண் அதிகாரிகள் இந்த எல்லைக்கு எதிராக நீண்ட காலம் வழக்காடினார்கள். நிரந்தரப் பணிக்கு அவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்ற தீர்ப்பு 2020 பிப்ரவரியில் கிடைத்தது.

வரிசையில் நின்றவர் முன்னே வருவது

எனக்கு மிகவும் மதிப்பான வழி இது. வில்லியம் ராபர்ட்சன் 1877இல் பிரிட்டிஷ் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சிவப்புச் சட்டையில் உன்னைப் பார்ப்பதைவிடப் புதைத்துவிடுவதே மேல் என்கிற அளவுக்கு அவர் அம்மா மனம் நொந்து கடிதம் எழுதினார். சிப்பாய் வேலைக்கு அன்று அவ்வளவுதான் மரியாதை. 1888இல் அதிகாரியானார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1920இல் ஃபீல்டு மார்ஷல். அந்த ராணுவத்தில் கடைசிப் படியிலிருந்து உச்சிப் படிவரை ஏறியவர் அவர் ஒருவர்தான்.

சில நாடுகளில் இது விதிவிலக்கு இல்லை, வழக்கமே இதுதான். இஸ்ரேலில் கிட்டத்தட்ட எல்லா அதிகாரிகளும் கட்டாயச் சேவைக்கு வந்த சிப்பாய்களே. படையில் இருக்கும்போது யார் பொறுப்பு எடுக்கிறார்கள் என்று பார்த்து, பெரும்பாலும் சிறு குழுத் தலைவராக இருக்கவிட்டு, பிறகு நெகேவ் பாலைவனத்தில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூரிலும் தேசிய சேவையின் அடிப்படைப் பயிற்சியில் எல்லாரும் ஒன்றாகத்தான் தொடங்குகிறார்கள். அங்கே தேறுகிறவர்கள் சுமார் ஒன்பது மாத அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறார்கள். ஜெர்மனியில் அதிகாரி ஆக விண்ணப்பித்தவரும் கடைசிப் படியில் தொடங்கி, பிறகு ஹாம்பர்க்கிலோ முனிச்சிலோ 1973இல் தொடங்கிய ராணுவப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கிறார்.

இந்தியாவில் பணியில் இருக்கும் சிப்பாய்களுக்கு ஏசிசி, அதாவது ராணுவ கேடட் கல்லூரி என்ற வழி உண்டு. தேறினால் மூன்று ஆண்டு படிப்பு, பிறகு டேராடூனில் ஓர் ஆண்டு. பிரான்சிலும் பணியில் இருப்பவர்களுக்கென்று 1961 முதல் தனிப் பள்ளி இருக்கிறது. இப்படி வருகிறவருக்கு ஒரு பலம்: கூடாரத்தில் ஈரம் இறங்கினால் எப்படி இருக்கும், விடுமுறை மறுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பலவீனம் வயது. இருபத்தெட்டில் லெப்டினன்ட் ஆகிறவர், இருபத்தொன்றில் ஆனவரோடு அதே ஏணியில் ஏற வேண்டும். உயர் பதவிகளுக்கு வருவதற்குள் ஓய்வு வயது வந்துவிடுகிறது. திறமைக் குறைவு இல்லை, வெறும் கணக்கு. இதைச் சரிசெய்ய ராணுவங்கள் இன்னும் மெனக்கெட வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவர், வழக்கறிஞர், மதகுரு போன்றவர்களுக்குத் தனி வழி. அவர்கள் தொழிலைக் கற்று முடித்து வருகிறார்கள். ராணுவம் சில வாரம், சில மாதம் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்து, பெரும்பாலும் ஒரு படி மேலேயே வைத்துத் தொடங்குகிறது.

ஐந்து நாளில் ஆளைக் கண்டுபிடிப்பது

எந்த வழியில் வந்தாலும் இடையில் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் வரலாறு தெரிந்தால் அதன் மேல் உள்ள பயம் பாதி குறையும்.

இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதிகாரித் தேர்வு என்பது சில நிமிட நேர்காணல். எந்தப் பள்ளியில் படித்தாய், அப்பா என்ன செய்கிறார் என்பதிலேயே முடிந்துவிடும். தேர்வானவர்களில் பலர் பயிற்சிப் பள்ளியில் தோற்றுத் திரும்பினார்கள். தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்ட சிப்பாய்கள் விண்ணப்பிப்பதையே நிறுத்தினார்கள். ஜெர்மன் ராணுவம் உளவியலாளர்களை வைத்துப் பல நாள் தேர்வு நடத்துவதை, முன்பு பெர்லினில் இருந்த ஜெனரல் ஆண்ட்ரூ தார்ன் பார்த்திருந்தார். 1942இல் ஸ்காட்லாந்தில் புது முறை சோதிக்கப்பட்டது. மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியான் அதற்குக் கொடுத்தது ஓர் எளிய யோசனை: ஒரு குழுவிடம் ஒரு வேலையைக் கொடு, தலைவர் யார் என்று சொல்லாதே, தள்ளி நின்று பார். தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும், வேலையும் முடிய வேண்டும் என்ற இரண்டு ஆசைக்கும் நடுவில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதே கேள்வி. பியான் முதல் உலகப்போரில் டாங்கிப் படை அதிகாரியாகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். நெருக்கடியில் மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்பது அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்த அறிவு இல்லை. அடுத்த ஆண்டே அந்த முறை டேராடூனுக்கு வந்தது. இன்றைய எஸ்எஸ்பி அதன் வாரிசு.

உள்ளே என்ன நடக்கிறது? முதல் நாள் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். இங்கேதான் ஆளாளுக்குக் கத்துவார்கள். தேர்வுக்குப் போய்வந்தவர்கள் இதை மீன் சந்தை என்பார்கள். இதில் தேறாமல் ஸ்கிரீன் அவுட் ஆனவர்கள் அன்றே ஊர் திரும்புகிறார்கள். தங்கியவர்களுக்கு நெஞ்சில் ஒரு எண். அடுத்த நான்கு நாளும் அதுதான் பெயர். உளவியல் தேர்வில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. சொல்லைப் பார்த்ததும் தோன்றுவதை எழுத வேண்டும். 12 படங்களுக்குக் கதை. கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள். அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில்.

வெளியே மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு, அக்கரைக்குக் கொண்டுபோக ஒரு சுமை. சிவப்புப் பூசிய இடத்தைத் தொடக் கூடாது. பலகை எட்டாது. இரண்டு பேர் பலகையின் ஒரு முனையை எடை கொடுத்து அழுத்திப் பிடித்தால் மூன்றாமவர் மறுமுனையில் நடந்து அடுத்த மேடையை எட்டலாம். இந்த யோசனையைச் சொன்னவருக்கு நல்ல பெயர்தான். ஆனால் பேசாமல் போய் முனையில் உட்கார்ந்து, எல்லாரும் கடக்கும்வரை எடை கொடுத்தவரையும் தள்ளி நின்று ஒருவர் குறித்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் உரக்கப் பேசுவதே தலைமை என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் பணத்தைக் கொட்டுவது எனக்கு ஆத்திரமாக வருகிறது. மனப்பாடம் செய்த கதைகள் உளவியலாளர் கையில் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்து விழும். மூன்று பேர் மூன்று நாள் தனித்தனியே எடுத்த குறிப்புகளைக் கடைசி நாள் கான்ஃபரன்ஸில் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். எழுதியது ஒன்று, பேசியது ஒன்று, மைதானத்தில் செய்தது ஒன்று என்றிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ரெகமண்ட் ஆகாதது ஆளின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை. என்டிஏவுக்கு வந்து திரும்பியவர் பட்டம் முடித்து சிடிஎஸ் வழியே மறுபடி வருவது சாதாரணம். விமானி ஆவதற்கான கணினித் தேர்வு மட்டும் விதிவிலக்கு. அதை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுதலாம்.

இதற்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. நிறக்குருடு, செவித்திறன், தட்டைப் பாதம், முழங்கால் உரசல், முதுகெலும்பு வளைவு என்று பல காரணத்துக்காகப் பிள்ளைகள் கடைசிப் படியில் நிற்கிறார்கள். சிலவற்றைச் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழு முன் போகலாம். சிலவற்றை மாற்றவே முடியாது. இரண்டு ஆண்டு தயாரிப்பில் இறங்கும் முன்பே ஒரு கண் மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது. இதை யாரும் சொல்வதில்லை.

தேறிய பின்னும் ஒரு விஷயம் பாக்கி. பயிற்சியில் இருக்கும் கேடட் இன்னும் அதிகாரி இல்லை. கமிஷன், அதாவது அதிகாரி நியமனம் கிடைக்கும் நாள்வரை சட்டத்தின் கண்ணில் அவர் நிலை வேறு. இந்திய அகாடமிகளில் பயிற்சியின்போது முதுகெலும்பிலோ தலையிலோ காயம்பட்டு, ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். கமிஷன் பெறாததால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதனோடு வரும் உரிமைகளும் கிடைக்கவில்லை. மாதம் ஒரு கருணைத் தொகைதான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. மற்ற நாட்டு அகாடமிகளிலும் கேடட்டின் நிலை என்ன, காயம்பட்டால் யார் பொறுப்பு என்பது விதிகளில் எங்காவது எழுதித்தான் இருக்கும். சேரும் நாளில் கொடுக்கும் ஒப்பந்தத் தாள்களில் அந்தப் பக்கத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.